ஆறாம் நாள் பச்சை

அந்தக் கறைகளை ஸ்மிதா முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டும்போது. வராந்தாவில் சிமெண்ட் தொட்டிக்குள் ஒற்றைத் தூணாக நிற்கும் கள்ளிச்செடி. இடுப்பளவு உயரம், ஒரு பெண்ணின் மேல்கைத் தடிமன். நேற்று வரை வெறும் பச்சையாக இருந்த அதன் நடுவில், சாய்வாக நான்கு கறைகள், நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த கருஞ்சிவப்பு நிறத்தில்.

செடிக்காக அவள் ஒன்றும் வருந்தவில்லை. அது ஜெபசீலன் வாங்கி வைத்தது. புருஷன்காரன் சித்திரை மாதம் பைக்கோடு லாரியில் மோதிச் செத்து, கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவனைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். ஏழு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லை. அடக்கத்தன்று ஊரே அழுகிறதே என்று அவளும் அழுதாள். அன்று இரவு விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினாள்.

செடியை இன்னும் தூக்கி எறியாததற்குக் காரணம் ஜெபசீலனின் அக்கா வேளாங்கண்ணி. வாரம் ஒருமுறை போன் செய்வாள், முதலில் செடியைத்தான் விசாரிப்பாள்.

“அவன் ஆசையா வளத்ததாக்கும். அதையும் கொன்னு போடாத, ஏட்டி.”

அந்த ‘அதையும்’ எதைக் குத்துகிறது என்று ஸ்மிதாவுக்கு விளங்காமல் இல்லை. வேண்டாத பேச்சு எதற்கு என்று, அன்று மாலை குலசேகரம் சந்தைப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஐயப்பனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் குனிந்து கறையை நகத்தால் அழுத்தினார், விரலை முகர்ந்தார்.

“அழுவல்னா கொழகொழன்னு இருக்கும், நாறும். இது கெட்டியாட்டுல்லா இருக்கு. வெயில் சுட்டதுன்னு சொல்ல, ஒரு வாரமா எங்க வெயிலு? மழையில பூசணம் பிடிச்சிருக்கும். உள்ள தூக்கி வையி மக்கா, தண்ணி விடாண்டாம். ரப்பருக்குப் பூசுத துரிசும் சுண்ணாம்பும் கலக்கித் தேயி. பயப்படாண்டாம்.”

ஸ்மிதாவின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மழைக்காலத்தில் வெட்டிய பட்டை அழுகிவிடாமல் இருக்க மரம் மரமாக அந்த மயில்துத்த நீலக் குழம்பைப் பூசுவதைப் பார்த்துத்தான் அவள் வளர்ந்தாள். தொட்டியைக் கூடத்துக்கு இழுத்து வைத்து, தேங்காய்ச் சிரட்டையில் கலக்கிப் பூசினாள். செம்புக்காசை வாயில் போட்டதுபோல அந்த வாசனை வீடு முழுக்க நின்றது. இரண்டே நாளில் பூச்சு பொருக்குவிட்டு உதிர்ந்தது. அடியில் கறை கருநீலமாகியிருந்தது. ஆறாம் நாள் பார்த்தால் கறையே இல்லை. மருந்து கேட்டிருக்கிறது, விட்டது சனி என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் அதே இடத்தில் நான்கு மஞ்சள் திட்டுகள்.

ஸ்மிதா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். சிவப்பு, கருநீலம், பச்சை, மஞ்சள். இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எவ்வளவு நீளக் கை வைத்த ஜாக்கெட் போட வேண்டும் என்பதை ஏழு வருஷமாக இதை வைத்துத்தான் முடிவு செய்தாள். அடிபட்டுக் கன்றிய இடம் ஆறாம் நாள் பச்சையாகும். பச்சைச் செடியில் பச்சை தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொட்டியைத் திருப்பினாள். ஐயப்பன் பார்க்காத பின்பக்கத்தில் ஒரே ஒரு கறை, மற்ற நான்கையும்விட அகலமாக. அந்த ஐந்து இடங்களில் மட்டும் முட்கள் மடங்கிச் சதையோடு அமுங்கிக் கிடந்தன. செடியைத் தொடாமல், கறைகளுக்கு நேராகத் தன் கையைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. அதைவிடப் பெரிய கை வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை கடையில் சரக்கு இறங்கியதால் வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. வெளியே பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவைத் திறந்ததும், துரிசு நெடியோடு, கல்ஃபிலிருந்து வரவழைத்து ஜெபசீலன் பீய்ச்சிக்கொள்ளும் செண்டின் வாசனை, அந்தக் கனத்த இனிப்பு, முகத்தில் வந்து அப்பியது. செடியில் பழைய மஞ்சளுக்குச் சற்று மேலே புதிய கறைகள், செக்கச்செவேலென்று. ஒன்றைத் தொட்டாள். சூடாக இருந்தது.

முதல் கறை கண்ணில் பட்டதற்கு முந்தின நாளும் அவள் தாமதமாகத்தான் வந்தாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சினேகிதி பிரிஜாவோடு தேநீர் குடித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், சிரித்துக்கொண்டு வந்தாள். அவன் இருந்திருந்தால் அதற்கு என்ன கிடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று கூடத்து விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

சனிக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல கரண்ட் போனது. ஓட்டின் மேல் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து பிரிஜா.

“ஏட்டி, எங்க ஆஸ்பத்திரியில ரிசப்ஷனுக்கு ஆள் வேணுமாம். தங்க ரூமும் உண்டு. திங்கக்கிழமை வந்திருவியா?”

இந்த வீட்டை விட்டுப் போகலாம். அதை நினைத்ததுமே ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டு.

கூடத்தில் ஏதோ முறிந்தது.

ஒரு முள். பிறகு இன்னொன்று. அவள் திரும்பிப் பார்த்தாள். காற்றில்லாத கூடத்தில் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் தோலில் குழி விழுந்தது. ஒன்று, இரண்டு, நான்கு. குழிக்குள் நிறம் ஊறியது.

“பொறவு கூப்பிடுதேன்,” என்று போனை வைத்தாள்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. வேர்நோய் பிடித்த ரப்பருக்கு யாரும் மருந்து பூசிக்கொண்டிருக்க மாட்டார்கள், வேரோடு எடுத்துவிடுவார்கள். இத்தனை நாள் பூசிக்கொண்டிருந்தது தன் மடத்தனம். அடுக்களையிலிருந்து வெட்டுகத்தியை எடுத்துவந்தாள்.

“செத்தும் விடமாட்டியாலே? போலே! இதோட ஒழிஞ்சு போ!”

வெட்டினாள். முள் கையைக் கிழித்தது, வெட்டினாள். துண்டுகளை முறத்தில் வாரி, கொட்டும் மழையில் பின்வாசல் வழியே ஓடி, வெள்ளம் புரளும் ஓடையில் எறிந்தாள். எறியும்போதுதான் துண்டுகளின் உட்புறம் கண்ணில் பட்டது. நடுத்தண்டு வரை கன்றியிருந்தது. மஞ்சளுக்குள் நீலம், நீலத்துக்குள் சிவப்பு, விரல்மேல் விரல், வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கிய இரண்டு மாதக் காயம் மொத்தமும். நல்ல சதை விரலளவுகூட மிச்சமில்லை.

அவன் செடிக்குள் இருக்கவில்லை. செடி அடி வாங்கியிருக்கிறது. அவளுக்கு விழ வேண்டியதையெல்லாம்.

கடைசித் துண்டு ஓடையின் வளைவில் மறைந்தது. இறங்கிப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தாள். கூடாது. போய்விட வேண்டும். இப்போதே, கட்டிய துணியோடு. போனையும் செருப்பையும் எடுக்க ஈரக் காலோடு உள்ளே ஓடினாள். போன் அடித்துக்கொண்டிருந்தது.

“என்ன ஏட்டி, பதில் சொல்லாம வச்சிட்ட? திங்கக்கிழமை வாறியா இல்லியா?”

“இப்பமே வாறேன் பிரிஜா. இப்பமே கிளம்புதேன்.”

செண்ட் வாசனை.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டதுபோல. அவள் திரும்பவில்லை. தன் இடது மேல்கையைத்தான் பார்த்தாள். தோலில் ஒரு குழி விழுந்தது. இரண்டு. மூன்று. நான்கு. உட்புறத்தில் ஒன்று, அகலமாக. ரத்தம் விலகி அந்த ஐந்து இடமும் வெளுத்தன. கையைச் சுற்றி எதுவும் இல்லை.

“ஹலோ? ஸ்மிதா?”

போன் விழுந்தது. அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று அவன் எப்போதும் அவளை உள்ளறைக்குத்தான் இழுத்துப்போவான். மழுமழுப்பான சிவப்புத் தரையில் குதிகாலை ஊன்றினாள். நிற்கவில்லை. தன் கால்கள் வரைந்துகொண்டே வந்த இரண்டு ஈரக் கோடுகளை அவள் பார்த்தாள். அவை கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, உள்ளறைக்குள் நீண்டன. அதன் பிறகு கதவு, யாரும் தொடாமல், மெதுவாகச் சாத்திக்கொண்டது.