குளக்கரையை உடைத்த கை

"எம் புருசன் தப்பே பண்ணலைன்னு சொல்ல வரலை சாமி. பண்ணிட்டேன்னு அதுவே ஊரைக் கூட்டிச் சொல்லுது. அதான் பயமா கீது!"

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாசியாக இருந்த ஆதிநாராயணன், மை தொட்ட இறகைக் கீழே வைத்தார். பின்னால் நின்ற சேவகன் ராஜவேலுவின் காது நிமிர்ந்தது. நாற்பது வயது, நல்ல தொப்பை. வழக்கு என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்குப் பசி மறந்துபோகும்.

வந்தவள் நாகம்மாள். சுண்ணாம்புக்குளம் ஊருக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்னக் குப்பத்துக்காரி. நேற்று விடியலில் அவள் புருசன் முனியன் அங்கிருக்கும் பாசனக் குளத்தின் கரை அடிவாரத்தில் ஒரு வளையைப் பார்த்திருக்கிறான். நண்டுவளை என்று கையை விட்டிருக்கிறான். மண் சரிந்து, பானை அளவு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சியடித்திருக்கிறது. ஊரே ஓடிவந்து வைக்கோல் கட்டுகளை அடைத்துக் கரையைக் காப்பாற்றியது.

"சாயங்காலம் பஞ்சாயத்து சாமி. இனிமே உப்புத் தண்ணி ஏரியில எறங்கவே கூடாதுன்னு தீர்த்துடுவாங்க. வலையில்ல, படகில்ல. சேத்துல துழாவி எறா, நண்டு பிடிக்கிற கைதான் எங்களுக்கு எல்லாம்."

"படகைத் தள்ளு, ராஜவேலு" என்றார் ஆதிநாராயணன்.

கரையில் கால் வைத்ததுமே ராஜவேலு கண்டுபிடித்துவிட்டான். "ஐயா! ஓட்டையில முனியனோட பறி செருகியிருக்கு! கரையை உடைச்சு, ஓடிவர்ற குளத்து மீனைப் பிடிக்கப் பார்த்திருக்கான்!"

பறி என்பது பனையோலைக் கூடை. கைகளால் துழாவும்போது வாயில் கவ்விக்கொள்வார்கள். அதுதான் குளத்துப் பக்கமாக ஓட்டைக்குள் அமுக்கப்பட்டிருந்தது.

"உள்ளே என்ன இருக்கிறது, பார்."

ராஜவேலு விரலை விட்டான். "களிமண். கெட்டியா அடைச்சிருக்கு."

"மீன் பிடிக்க வைத்த கூடையில் யாராவது களிமண் அடைப்பார்களா?"

ராஜவேலுவின் முகம் சுருங்கியது. பிழைப்புக்கு இருந்த ஒரே கூடையைக் கொடுத்து ஓட்டையை அடைத்தவன் மேலா சந்தேகப்பட்டோம்?

ஆதிநாராயணன் அதற்குள் வெளிப்பக்க அடிவாரத்தில் குந்தியிருந்தார். ஏரி மண் அங்கெல்லாம் கறுப்பு. கரைக்கு மட்டும் மேட்டிலிருந்து கொண்டுவந்த செம்மண். ஓட்டைக்குக் கீழே நேற்று கொட்டிய செஞ்சேறு இன்னும் ஈரமாக இருந்தது. அவர் ஒரு குச்சியால் அதை வழித்தார். அடியில் இன்னொரு செஞ்சேற்றுப் படலம். காய்ந்து, அப்பளம் போல வெடித்துக் கிடந்தது.

பக்கத்தில் பாய் விரித்து எறா உலர்த்திக்கொண்டிருந்த குப்பத்துக்காரி மார்கரெட் தானாகவே வாயைத் திறந்தாள். "அந்தச் செவப்புத் தண்ணிச் சனியன்தான் நாலு நாளா என் பாயெல்லாம் பாழாக்குச்சு. முன்னேயும் கசியும், பளிங்காட்டம். இப்போ செவப்பா வருதுன்னு பாயை இப்படி இழுத்துட்டேன்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"தண்ணி கசியறதை இன்னான்னு போய்ச் சொல்றது?"

அவர் மறுபடி ஓட்டையருகே போய், கரையின் வயிற்றிலிருந்து எதையோ உருவினார். முழ நீளத்துக்கு மரப்பட்டைக் குழாய். உள்ளே வெறும் காற்று. பிறகு நிமிர்ந்து கரை உச்சியைப் பார்த்தார். ஓட்டைக்கு நேர் மேலே, வெட்டிய பூவரச மரத்தின் அடிக்கட்டை, புல் மூடிக் கிடந்தது.

வெயில் சாய்ந்ததும் பஞ்சாயத்துக் கூடியது. நடுவில் குளக்கரையைப் பராமரிக்கும் மணியக்காரர் லோகநாதன். எதிரே தலை குனிந்து முனியன்.

"நாந்தான் நைனா" என்றான் அவன், கேட்காமலே. "என் கைதான்."

"உன் கை கடைசியாகத்தான் வந்தது" என்றார் ஆதிநாராயணன். "கரையில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் அத்தனை பயமில்லை. செம்மண்ணோடு வந்தால், உள்ளேயிருந்து கரை கரைந்து போகிறது. நாலு நாளாக அப்படித்தான் போயிருக்கிறது. நேற்றைய சேற்றுக்கு அடியில் இருக்கும் சேறு வெயிலில் வெடித்திருக்கிறது. ஒரே நாளில் சேறு அப்படிக் காயாது. உள்ளே வழி எப்படி வந்தது? இதோ." பட்டைக் குழாயை நீட்டினார். "மேலே வெட்டிய மரத்தின் வேர். நடு மட்கி, தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டது."

"பூவரச மரம்தானே?" ராஜவேலு பாய்ந்தான். "யாரு வெட்டினது? சொல்லுங்க, யாரு?"

லோகநாதன் பட்டைக் குழாயைக் கையில் வாங்கினார். "நான்தான். மூணு வருசம் ஆச்சு. புயல்ல மரம் சாஞ்சா கரையையும் பிடுங்கிடுமேன்னு பயந்து... கரையைக் காப்பாத்தத்தானய்யா வெட்டினேன்!"

சட்டையைப் பிடிக்க நீண்ட ராஜவேலுவின் கை பாதியில் நின்றது. அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது.

"தெரியும்" என்றார் ஆதிநாராயணன், மெதுவாக. "கெட்ட எண்ணம் இங்கே யாருக்கும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை மரம் வெட்டினீர்கள்?"

"ஏழு."

கரையில் இன்னும் ஆறு அடிக்கட்டைகள். கரை விளிம்பு வரை குளம் தளும்பிக்கொண்டிருந்தது. கீழே குப்பத்தின் முப்பது குடிசைகள்.

"மதகைத் திறங்க!" லோகநாதன் எழுந்து ஓடினார். "பயிர் போனாப் போவுது, பாதித் தண்ணியை விட்டுடுங்க!"

ராஜவேலு திரும்பிப் பார்த்தான். முனியன் இருந்த இடம் காலி. கரை அடிவாரத்தில், இரண்டாவது அடிக்கட்டைக்கு நேர் கீழே, அவன் குப்புறப் படுத்து விரல்களால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"டேய், மறுபடியும் கையை விடாதே!" என்று அலறினார் லோகநாதன்.

"வுடலை நைனா, மேலாலதான் தடவறேன். இங்க கெட்டியா கீது." முனியன் முழங்காலால் நகர்ந்து மூன்றாவதுக்குப் போனான். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "இங்க குளுகுளுன்னு ஓடுது. இன்னா பாத்துனு நிக்கிற, நாகம்மா? மணலும் வைக்கோலும் எடுத்தா!"

நாகம்மாள் ஓடினாள். அவளுக்கு முன்னால், தொப்பை குலுங்க, ராஜவேலு ஓடினான்.