காது வைக்காத டேப்

மதிய ஷிஃப்டுக்கு நான் வந்து இறங்கியபோது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எபோலா வந்தபின் பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட வெள்ளைச் சிகிச்சைக் கூடாரங்களிலிருந்து ஆவி எழும்பியது. வாசலில் குளோரின் தண்ணீரில் கை கழுவி, பூட்ஸை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் வயிறு நிறையத் தின்றிருந்ததால் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். ஹிண்டோவாவைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஹிண்டோவா அன்று எனக்கு ஜோடி. நல்ல நர்ஸ், ஆனால் ஆமை. என் பெயர் யாட்டா, எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அவனைத் திட்டிக்கொண்டே கையை நீட்டினேன்.

எங்கள் உடுப்பில் கையுறை இரண்டு ஜோடி. ஒன்று உடையின் கைக்குள் போகும், மற்றது அதன் மேல் ஏறும். மேலே ஏறுவதை மணிக்கட்டில் டேப் சுற்றி இறுக்க வேண்டும். சுற்றாவிட்டால் நோயாளியைத் தூக்கும்போது கையுறை வழுக்கி விரலளவு தோல் தெரிந்துவிடும். அந்த விரலளவு போதும், ஆளை முடிக்க. டேப்பைச் சுற்றி முடித்ததும் நுனியைக் கொஞ்சம் மடித்து விடுவோம். அதற்குக் காது என்று பெயர். காது இருந்தால்தான் வெளியே வரும்போது தடித்த விரலால் பிடித்து உரிக்க முடியும்.

"காது வச்சியா?" என்றேன்.

"ரெண்டு கைக்கும் வச்சாச்சு, மகாராணி."

என் தலைமூடியின் நெற்றியில் பெயரையும் நேரத்தையும் மார்க்கரால் எழுதினான். உடுப்புக்குள் போய்விட்டால் எல்லோரும் ஒரே வெள்ளை மூட்டை, பெயர் பார்த்துத்தான் ஆள் தெரியும். பிறகு அவன் மாட்டிக்கொள்ளும்போது கண்ணாடியின் பட்டை பட்டென்று அறுந்தது. வேறு கண்ணாடி எடுத்து வருகிறேன், பின்னாலேயே வந்துவிடுகிறேன், நீ நட என்றான்.

தனியாக உள்ளே போகக் கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். ஆனால் உடுப்பைப் போட்டாகிவிட்டது, முதுகில் வியர்வை ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே காலையிலிருந்து தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். நடந்தேன். இரண்டாவது திரையருகே திரும்பிப் பார்த்தேன். பின்னால் வெள்ளை உடை ஒன்று வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டான் என்று நிம்மதியானேன்.

பாடம் என்றேனே, அதில் மாஸ்ஸாவின் கதையும் உண்டு. மாஸ்ஸா என்னோடு படித்தவள், இரண்டு மாதத்துக்கு முன் இதே வார்டில் வேலை செய்து இதே வார்டில் செத்தாள். வெளியே வரும்போது அவசரப்பட்டு டேப்பைப் பிய்த்து இழுத்தாள், உள்கையுறையும் சேர்ந்து கிழிந்தது, ஒன்பதாம் நாள் காய்ச்சல். மாஸ்ஸா மாதிரி பொறுமையில்லாமல் இழுக்காதீர்கள் என்று நான் சொல்வேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

வார்டில் புழுங்கிய காற்று. குளோரின் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, அதைச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு கட்டிலாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போனேன். கடைசிக் கட்டிலில் லாஹாய் என்ற முதியவர். அவருக்குத் தண்ணீர் புகட்டினேன். தலையைத் தூக்கும்போது தடுமாறி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். டேப் தளர்ந்து கையுறை சரிந்தது. உயிரே போய்விட்டது எனக்கு.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து கையுறையை மேலே ஏற்றியது. ஜோடிதான். டேப்பைச் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்பாடா என்று கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடுத்த கைக்கும் சுற்றியது. நான்கு, ஐந்து.

"போதும்டா, ரத்தம் கட்டிக்கும்" என்றேன்.

அது நிறுத்தவில்லை. டேப் உரியும் கர்ரென்ற ஓசை மட்டும் கேட்டது.

வார்டுக்குள் டேப் சுருளை யாரும் எடுத்து வருவதில்லை.

அதன் நெற்றியைப் பார்த்தேன். மை கரைந்து வழிந்திருந்தது, பெயர் இல்லை. கண்ணாடிக்குள் நீர் கோத்து, உள்ளே முகமும் தெரியவில்லை.

லாஹாய் என் முழங்கையைத் தட்டினார். குரல் வரவில்லை, குனிந்துதான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பும்மா. ராவும் பகலும் இங்கயேதான் நிக்குது. உடுப்பைக் கழட்டவே மாட்டேங்குது."

நான் ஓடவில்லை. அந்த உடுப்பில் ஓட முடியாது. ஒவ்வொரு அடியாக வெளிவாசலுக்கு நடந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம் என் அடிக்கு ஓர் அடி வந்தது.

கழற்றும் இடத்தில் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாண்டி மருந்துத் தெளிப்பானோடு நின்றான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் கழற்றுவோம். கை கழுவச் சொன்னான், கழுவினேன். ஏப்ரன், கழற்றினேன். டேப்பை எடுங்கள் என்றான்.

காது இல்லை.

விரலால் தடவினேன். மணிக்கட்டைச் சுற்றி வழவழவென்று ஒரே மேடு. நுனியே அகப்படவில்லை. அடுத்த கையிலும் அப்படித்தான். முகக்கவசம் வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. நாற்பது நிமிடத்துக்கு மேல் அந்த உடுப்பில் இருக்கக் கூடாது, நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.

இங்கே கத்தரிக்கோல் கிடையாது. ஒரு கீறல் பட்டால் அதோடு சரி. வாண்டி கோட்டைத் தாண்டக் கூடாது. வேறொருவர் முழு உடுப்பு மாட்டி வந்து உதவ கால் மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்றான். ஐந்து நிமிடம் என்னால் நிற்க முடியாது. பிய்த்து இழுக்க வேண்டும் என்று கை துடித்தது. வீட்டில் என் மகளுக்கு ஐந்து வயது.

அப்போதுதான் வாண்டி என் தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னான்.

"பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒருத்தர் முடிச்சப்புறம்தான் அடுத்தவங்க."

நான் திரும்பவில்லை.

"ஹிண்டோவாவா?" என்றேன்.

"இல்ல சிஸ்டர். அவருக்குக் கண்ணாடி கெடைக்கல. அவர் இன்னும் வெளியதான் உக்காந்திருக்காரு."

என் பிடரியில் மூச்சுச் சத்தம். நனைந்த துணி வழியாக இழுக்கும் மூச்சு. என்னுடையதைப் போலவே பாதியில் நின்று நின்று வந்தது.

யாரென்று எனக்குத் தெரியாதா? இரண்டு மாதத்துக்கு முன் அவள் கைக்கு டேப் சுற்றியவள் நான். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டே சுற்றினேன். பேச்சு மும்முரத்தில் காது வைக்க மறந்தேன். அவள் இதே இடத்தில், இதே வெயிலில், நுனியைத் தேடித் தேடி மயங்கப் போகும்போதுதான் பிய்த்து இழுத்தாள். விசாரித்தவர்களிடம், நான் காது வைத்தேன், அவள்தான் அவசரப்பட்டாள் என்றேன். அவள் அப்போது பேசும் நிலையில் இல்லை. அவள் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

கண் இருட்டியது.

"மாஸ்ஸா" என்றேன். "நான்தான்டி காது வைக்கல. உன் மேல பழியப் போட்டேன். வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். விட்டுடுடி."

என் கட்டைவிரலுக்குக் கீழே எதுவோ மெல்ல அழுத்தியது. அங்கே டேப்பின் நுனி எழுந்து நின்றது, ஒழுங்காக மடித்த காது. மற்ற கையிலும். பிடித்து உரித்தேன். கர்ரென்று வந்தது. கையுறை கிழியவில்லை.

அதன்பின் வாண்டி சொன்னபடி ஒவ்வொன்றாக. வெளிக்கையுறை, கண்ணாடி, தலைமூடி, உடை, முகக்கவசம். காற்று முகத்தில் பட்டதும் அழுதேவிட்டேன். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. எங்கே என்று கேட்டேன். அவர்கள் திரும்ப வார்டுக்குள் போய்விட்டார்கள் என்றான் வாண்டி.

"டேப்ப எடுக்கும்போது என்னமோ பேசுனீங்களே சிஸ்டர், யார் பேரையோ சொல்லி. சரியா காதுல விழல."

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் மூச்சு திரும்பிவிட்டதல்லவா, மானமும் கூடவே திரும்பிவிட்டது. என் வேலை போகும். மாஸ்ஸாவின் அம்மா என் வாசலில் வந்து நிற்பாள்.

"ஒண்ணுமில்லடா. வெயில் தலைக்கேறிடுச்சு" என்றேன்.

கடைசியாக உள்கையுறையைக் கழற்றச் சொன்னான். வலது கை சுத்தமாக வந்தது. இடது கையுறையை விளிம்பிலிருந்து சுருட்டி உருவினேன்.

வெறும் தோலில், மணிக்கட்டைச் சுற்றி டேப். இரண்டு கையுறைக்கும் அடியில், தோலோடு தோலாக. நகத்தால் ஒரு முழுச் சுற்று தேடினேன். நுனி இல்லை.

வாண்டியும் பார்த்தான். தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, அவனிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லி முடித்தபோது மேல் சுற்று மட்டும் தானாகக் கழன்று மடியில் விழுந்தது. அடியில் இன்னொன்று இருந்தது.

மறுநாள் பாடம் கேட்க வந்த பிள்ளைகளிடம் சொன்னேன், ஒரு சுற்று கழன்றது. விசாரித்தவர்களிடம், ஒரு சுற்று, வேலையும் போயிற்று. மாஸ்ஸாவின் அம்மா என்னை அடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றும் ஒன்றுதான் கழன்றது. இத்தனை வருடத்தில் சந்தையில், பேருந்தில், முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன், என் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மாஸ்ஸா அவசரப்படவில்லை. நான்தான் காது வைக்க மறந்தேன்.

இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். இதோ, ஒன்று கழன்றுவிட்டது. அடியில் அடுத்தது இறுக்கமாக இருக்கிறது, நேற்றுத்தான் சுற்றியது போல இன்னும் ஈரமாக.