வடிவேல் கடை மாதுளைச் சாறு

துப்பறிவாளர் வெற்றிவேலின் மேசைமேல் லிலியான் ஒரு பாட்டில் மாதுளைச் சாற்றை வைத்தாள். அவள் கணவர் ரொலான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாகப் பெருங்குடல் அழற்சி. மருந்தால் கட்டுக்குள் இருந்த நோய் திரும்பி, இரத்தப்போக்கோடு மூன்று நாளாக மருத்துவமனையில் கிடந்தார். முத்தியால்பேட்டை ஜூஸ் கடை வடிவேல் சாயம் கலந்துவிட்டான் என்பது அவள் புகார். தெருவெல்லாம் சொல்லியும்விட்டாள். அவன் கடைக்கு இப்போது ஆள் வருவதில்லை.

பாட்டிலை உடனே பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றாள் உதவியாளர் இனியா. வெற்றிவேல் அவசரப்படவில்லை. காலையில் என்ன நடக்கும் என்று லிலியானிடம் கேட்டார்.

சாறு இரண்டு தம்ளர், ஆளுக்கொன்று. ரொலானின் தம்ளர் பக்கத்தில் மாத்திரைகளும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைப்பாள். மாத்திரை பெரியது, சொம்புத் தண்ணீர் முழுவதும் குடித்தால்தான் இறங்கும் என்று அவர் சலித்துக்கொள்வாராம். மாத்திரையை நிறுத்தாமல், கூடவே சாறும் குடிக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"அப்புறம் மேசைய யாரு ஒழிச்சு வைப்பா, மதாம்?"

"நான்தான் சார். சொம்புத் தண்ணிய செடிக்கு ஊத்திடுவேன்."

"எவ்ளோ மிச்சம் இருக்கும்?"

"இப்ப ரெண்டு மாசமா வச்சது வச்சபடியே இருக்கு."

அன்று மாலை வெற்றிவேல் வடிவேலையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ரொலானின் கட்டிலருகே லிலியான் உட்கார்ந்திருந்தாள்.

"அதே ஜூஸ நீங்களும் குடிச்சீங்க மதாம், உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா தண்ணி அப்படியே இருந்திருக்கு. தண்ணி இல்லாம இறங்காத மாத்திரை எங்க போச்சு?"

ரொலான் கண்களை மூடிக்கொண்டார். மாத்திரைகளைக் கைக்குட்டையில் சுருட்டி வெளியே எறிந்து வந்ததாக ஒப்புக்கொண்டார்.

"ஏன்?" என்றாள் லிலியான்.

"ஒன் ஜூஸ்தான் என்னக் காப்பாத்துச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சந்தோஷப்பட்ட. அது நெசமாவே இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அவள் வடிவேல் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அவன் சங்கடப்பட்டு, "பரவால்லம்மா, நீங்க அவரப் பாருங்க" என்றான்.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அவள் முத்தியால்பேட்டைக்குப் போனாள். புகார் சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தப்பு வடிவேல் கடையில் இல்லை, தன் வீட்டில்தான் என்று சொன்னாள். கடைசி வீட்டில் ரொலான் எப்படியிருக்கிறார் என்று கேட்டார்கள்.

"கொடல எடுக்கப் போறாங்க" என்றாள்.