ஈசானிய மூலையில் ஒரு காலி இடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஃபேன் சத்தத்தில் என் குரல் எடுபடாது. ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். ஆள் பிடிபட்டுவிடும். இருந்தாலும் மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள், காலை 9.10. பெருங்களத்தூரில் ஒரு சிப் வடிவமைப்பு அலுவலகம். சிப்புக்குள் எந்தப் பகுதி எங்கே அமர வேண்டும் என்று வரைவது சுபத்ராவின் பத்தொன்பது வருட வேலை. அன்று அவள் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. இனி அந்த வேலையை ஏஐ பார்த்துக்கொள்ளுமாம். அவளுக்கு அன்றே கடைசி நாளாம். எதிரே திரையில் ஏஐ வரைந்த படம். அதன் வடகிழக்கு மூலை காலியாக இருந்தது.

சுபத்ரா அந்த மூலையையே பார்த்தாள். முடிச்சூரில் நிலத்தை மனை பிரித்து விற்ற அவள் அப்பா, ஈசானிய மூலையில் யாரையும் எதுவும் கட்டவிட மாட்டார். அந்தப் பழக்கத்தில் அவளும் தன் படங்களில் அந்த மூலையைச் சும்மா விடுவாள். வேறு யாரும் அப்படி வரைவதில்லை.

11.30. காவல் நிலையம். எஸ்.ஐ. சந்திரிகா புகாரைப் படித்து முடித்தாள்.

“என் கைவேலையை யாரோ ஏஐக்கு எடுத்துக் குடுத்திருக்காங்க மேடம். ஆளைக் கண்டுபிடிச்சிட்டா என்னை வேலையில வச்சுக்குவாங்க.”

“அந்த மூலை விஷயம் யாருக்குத் தெரியும்?”

“பாலகுருவுக்கு. பெங்களூர் பிராஞ்ச் ட்ரெய்னி. ஒரு வருஷமா தினமும் படம் அனுப்புவாரு, நான் திருத்துவேன். எங்க மேனேஜர் மோகன்ராஜ் சார்தான் கத்துக்குடுக்கச் சொன்னாரு.”

“நேர்ல பாத்திருக்கீங்களா?”

“இல்ல. மெசேஜ்தான்.”

“லீவு போடுவாரா?”

“ஒரு நாள்கூட இல்ல. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன், அடுத்த நிமிஷம் இன்னொரு படம் வருது. வேலைப் பைத்தியம்.”

“மூலையை ஏன் விடணும்னு கேட்டாரா?”

சுபத்ரா யோசித்தாள். “கேக்கல. விடச் சொன்னேன், விட்டாரு.”

சந்திரிகா பேனாவை மூடினாள்.

2.15. மோகன்ராஜின் அறை. சந்திரிகாவோடு சுபத்ராவும் வந்திருந்தாள்.

“பாலகுருவுக்கு ஒரு ஃபோன் போடுங்க சார்.”

“அவர் லீவுல இருக்காரு மேடம்.”

“தீபாவளிக்கே லீவு போடாதவரா? அப்படி ஒரு ஆளே இல்ல சார். வாழ்த்து சொன்னா மனுஷன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லுவான். அதைக்கூட விட்ருங்க. சும்மா கெடக்கிற எடத்தைக் காலியா விடுன்னா, ஏன்னு கேக்காத மனுஷன் உண்டா? இவங்க கத்துக்குடுத்தது மெஷினுக்கு. அதுக்குப் பேரு வச்சு ஏமாத்தினது நீங்க.”

மோகன்ராஜ் தலை குனிந்தார்.

“மெஷினுன்னு தெரிஞ்சா யாரு மேடம் மனசாரக் கத்துக்குடுப்பாங்க? மேல சொன்னாங்க, செஞ்சேன்.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே கடிதம். அவர் பெயருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“அப்ப என் வேலை?” என்றாள் சுபத்ரா. சந்திரிகா அவள் பக்கம் திரும்பினாள்.

“இங்க செய்யறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்கக்கா. புகாரை வாங்கிக்கறேன். வேலை திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியல.”

சுபத்ரா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பாலகுருவுக்குக் கடைசியாக ஒரு மெசேஜ் அனுப்பினாள்: ‘ஏன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே தம்பி.’

ஒரு நிமிடத்தில் அடுத்த படம் வந்தது. வடகிழக்கு மூலை காலியாக இருந்தது.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைக்கிற கைக்கு நாளைக்கும் வேலை இருக்கட்டும். உங்களிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் ஏன், ஏன் என்று கேட்டு உங்களைப் படுத்தி எடுக்கட்டும்.