சீல் உடைக்காத பாட்டில்

“அக்கா, எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லையே. இன்சுலின எங்கன வைக்க?”

“மண்பானையில கொஞ்சம் தண்ணி ஊத்து. உள்ள ஒரு கிண்ணத்த மிதக்க விட்டு அதுல வையி. மருந்து மேல தண்ணி படக் கூடாது. வெயிலும் ஆகாது.”

“பட்டா?”

“ஊசி போட்டும் போடாத மாதிரிதான்.”

மூன்று வாரம் முன்பு தன் சமையலறை வாசலில் ஹமீதா பானுவுடன் பேசியது செவ்வந்திக்கு நினைவு வந்தது. இப்போது அதே ஹமீதா காவல் நிலையத்துச் சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள்.

2008 செப்டம்பர். செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

ஹமீதாவின் மாமியார் ரம்ஜான் பீவி விடியற்காலையில் மயங்கி விழுந்திருந்தாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. உயிர் தப்பிவிட்டாள். ஆனால் தினமும் ஊசி போட்டவள் மருமகள். போட்டது மருந்துதானா?

மூத்த மகன் பாக்கர் புகார் கொடுத்திருந்தான். மேஜையில் இரண்டு இன்சுலின் பாட்டில்கள். அவற்றை விற்ற மருந்துக்கடையின் லைசென்ஸில் மருந்தாளுநர் என்று செவ்வந்தியின் பெயர் இருந்ததால் எஸ்.ஐ. அவளை வரவழைத்திருந்தார். பார்மசி படித்தவள் அவள். கடையில் நிற்பவன் அவள் கணவன் சோணைமுத்து. அவளுடைய சர்டிபிகேட் மட்டும் அங்கே சுவரில் தொங்கியது. இந்தப் பக்கம் அது யாருக்கும் அதிசயமில்லை.

“பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து,” என்றான் பாக்கர். “மேல தண்ணி, கீழ துகளு. மருந்த உறிஞ்சிட்டுத் தண்ணிய ஏத்திருக்கா. உம்மா கண்ண மூடுனா சவூதிக்குப் புருஷங்கிட்டப் பறந்துரலாம்ல!”

“அல்லா மேல ஆணையா இல்ல மச்சான்!”

“அழுகையப் பாரு. வாலிநோக்கம் உப்பளத்துல விட்டா ஒரு பாத்தி உப்பு வெளையும்.”

“கொலை முயற்சி கேசும்மா,” என்றார் எஸ்.ஐ. “சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டா இந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போகணும். பாத்துச் சொல்லுங்க.”

செவ்வந்தி பாதி தீர்ந்த பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். மருந்து ஒன்றாகக் கலக்கவில்லை. துகள்கள் கண்ணாடியில் அப்பியிருந்தன. மற்றதை எடுத்தாள்.

“இது?”

“இன்னும் தொடங்கலக்கா.”

சீல் உடையவில்லை. ஆனால் உள்ளே அதே துகள்கள்.

“மூடியத் தொடாம தண்ணி எப்பிடி ஏத்துவா?”

பாக்கர் செவ்வந்தியை முறைத்தான். எஸ்.ஐ.யின் பார்வையும் அவள் மேல் திரும்பியது.

“எப்ப வாங்குன, ஹமீதா?”

“போன செவ்வாக்கிழம. ரெண்டும் ஒண்ணா.”

“அட்டப் பெட்டி?”

“நனஞ்சு போச்சுன்னு கடையில அண்ணன் வெறும் பாட்டிலத்தான் குடுத்தாரு.”

லேபிள் சுருங்கியிருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. குடிதண்ணீர்ப் பானைக்குள் அது எப்படி வரும்?

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

“சார், எங்க கடைக்குப் போகணும்,” என்றாள்.

11.45. கடையில் கரண்ட் இல்லை. எஸ்.ஐ., பாக்கர், ஹமீதா மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, செவ்வந்தி கவுண்டருக்கு அடியில் இருந்த தெர்மாகோல் மீன்பெட்டியைத் திறந்தாள். உடைத்த ஐஸ். அதன் மேல் கல்லுப்பு. நடுவே மூன்று இன்சுலின் பாட்டில்கள்.

“என்னங்க இது?”

“தினம் நாலு மணி நேரம் கரண்டு போகுது. மருந்து கெட்டுறக் கூடாதேன்னுதான்…” என்றான் சோணைமுத்து.

“உப்பு எதுக்கு?”

“குளிர் கூடும்ல. மீனு அப்பிடித்தான கெடாம இருக்கு?”

“வேற யாருக்கும் குடுத்தீங்களா?”

“இல்ல. மிச்சம் இங்கனதான் இருக்கு.”

அவள் எஸ்.ஐ.யிடம் திரும்பினாள். “உப்புப் போட்ட ஐஸ்ல இன்சுலின் உறைஞ்சிரும், சார். உருகுனாலும் வேலை செய்யாது. துகளாத்தான் நிக்கும். ஹமீதா போட்டது இங்க குடுத்த மருந்து. தப்பு எங்க கடையோடது. பொறுப்பு என்னோடது. எழுதிக்கங்க.”

பாக்கர் ஹமீதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். “தம்பிக்கு நானே போன் போட்டுச் சொல்றேன், புள்ள,” என்றான்.

“முதல்ல உங்க உம்மாவுக்குச் சொல்லுங்க,” என்றாள் ஹமீதா.

சோணைமுத்து பதறினான். “ஏன்டி ஒம் பேரக் குடுக்குற? நீ கடைப்பக்கமே வந்ததில்லையே!”

சர்டிபிகேட் சுவரில் ஏறிய நாளிலிருந்து பதினொரு வருடமாகச் சொல்லாதிருந்ததைச் செவ்வந்தி எல்லார் முன்னாலும் சொன்னாள்.

“நானும் இங்க நிக்கணும். வழி விடுங்க.”