மூன்று இழுப்பு

பார்சலைப் பிரித்தபோது ஒயர் சூடாக இருந்தது. கையைச் சுடுகிற சூடு இல்லை. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் கொடுத்தது போன்ற சூடு. டெலிவரி வண்டியில் வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். காலையிலிருந்து மழை விடவே இல்லை.

பெட்டியின் மேல் அவள் கணவர் பெயர் இருந்தது. ஆர்டர் போட்டவர் அவர்தான். வர வேண்டிய வாரத்தில் வராமல், அவர் போய் நாற்பத்தோரு நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், மூலைகள் ஊறிப்போன அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்திருந்தது.

இரண்டு முழ நீளத்துக்குச் சற்று மேலே, நான்கு நிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டி, இரு முனையிலும் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் வைத்தது. ஹார்னஸ் என்பார்கள். கார்களுக்கு ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்தவள் அவள். எந்த ஒயரையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரல் பார்த்துவிடும். இதில் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சூட்டைத் தவிர.

"நானே மாட்டிடறேன். நீ சாயங்காலம் வந்து பாரு, ரெடியா இருக்கும்" என்று மகனுக்கு போனில் சொன்னாள்.

"ஆளைக் கூப்பிட்டா பத்து நிமிஷ வேலைம்மா."

"நான் பார்க்காத ஒயரா? நீ ஆபீஸ் வேலையப் பாரு."

மகனுக்கு இருபத்தேழு வயது. அப்பாவுக்கு இருந்த அதே இதயம். சதை கனத்துப்போன, அவசரப்படக் கூடாத இதயம். பரிசோதனை முடிந்து போன மாதம்தான் டாக்டர் சொன்னார்: தினம் இருபது நிமிஷம், மெதுவாக மிதிக்கலாம், ஆனால் நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் உடனே இறங்கிவிட வேண்டும். அப்பாவின் உடற்பயிற்சி சைக்கிளே இருக்கிறதே என்றான் அவன். தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் அவள். "சைக்கிள் என்னம்மா பண்ணுச்சு பாவம்" என்றான். கடைசியில், வேகமும் நாடியும் காட்டும் அதன் மீட்டர் சரியாகும்வரை அதில் ஏறக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பின்னறைக் கதவைத் திறந்தாள். ரப்பர் விரிப்பின் வாடை, தைலம், அதற்கு அடியில், துவைத்த பிறகும் துணியில் தங்கிவிடுகிற ஒரு மனிதனின் வியர்வை வாசம், எல்லாம் சேர்ந்து நாற்பத்தோரு நாளாக அடைபட்டிருந்த காற்று அவள் முகத்தில் வந்து படிந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய, அதன் நிழல் சுவரிலும் தரையிலும் சைக்கிளின் இருக்கையிலும் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. எங்கேயும் போகாத வண்டி என்பார் அவர். "ஆயிரம் கிலோமீட்டர் மிதிச்சிட்டேன், இன்னும் இந்த ரூமை விட்டு வெளிய போகல பாரு."

மீட்டரைத் தாங்கி நிற்கும் முன்தண்டு குழாய்போல் உள்ளே வெறுமையானது. அதற்குள்தான் ஹார்னஸ் போகிறது. அடியில் சக்கரத்தருகே உள்ள சென்சாரிலிருந்து மேலே மீட்டர்வரை. அவருடைய கடைசி பத்து நாட்களாக மீட்டர் தடுமாறிக்கொண்டிருந்தது. வேகம் திடீரென்று பூஜ்யம் காட்டும். நாடி ஒரு நேரம் நாற்பத்தெட்டு, ஒரு நேரம் நூற்றெழுபது. சில நேரம் எண்ணே இல்லாமல் இரண்டு கோடு.

"சூப்பர்வைசரம்மா! எனக்கு நாடியே இல்லையாம், மீட்டர் சொல்லுது!"

"காலங்காத்தால வாயக் கழுவுங்க. ஒயர் போச்சு, அவ்வளவுதான்."

ஒயர் போச்சு என்று முடிவு செய்தவள் அவள். தொழில் தெரிந்தவள் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. கடைசி நாளும் அதே கூச்சல் சமையலறைவரை கேட்டது. இருபதில் பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது. "இன்னும் நாலு நிமிஷந்தானே, மிதிச்சிட்டு வாங்க, காபி ஆறுது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அந்த நான்கு நிமிஷத்தில் பெடல் சத்தம் நின்றதா, எப்போது நின்றது, அவளுக்குத் தெரியாது. காபி ஆறிய பிறகுதான் போய்ப் பார்த்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். நான்கு திருகுகளைக் கழற்றி மீட்டரை மெல்லத் தூக்கித் திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

ஹார்னஸ் தண்டுக்குள்ளிருந்து வந்து மீட்டரின் ஒரு மூலையில் மாட்டியிருந்தது. ஆனால் கைப்பிடியில் நாடி பார்க்கும் வெள்ளித் தகடுகளிலிருந்து கிளம்பிய இரண்டு மெல்லிய ஒயர்கள் தனியாக, நேராக, மீட்டரின் முதுகில் வேறொரு துளையில் ஏறியிருந்தன. ஹார்னஸோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விரலால் தடவினாள். புத்தம்புதிது போல் இருந்தன. கணவரின் பழைய மல்டிமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பீப் என்றது; எங்கும் அறுபடவில்லை. மறுபடி வைத்தாள். பீப்.

கெட்டுப்போனது வேகம் காட்டும் ஒயர் மட்டும்தான். நாடி காட்டிய எண்கள் அத்தனையும் நிஜம்.

நாற்பத்தெட்டு நிஜம். நூற்றெழுபது நிஜம். அந்த இரண்டு கோடு நிஜம்.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. மகன் வரும் நேரம் நெருங்குகிறது என்ற நினைப்புதான் எழுப்பியது. அவனுக்கு இந்த மீட்டர் வேண்டும். இந்த முறை அது சொல்வதை அவள் நம்புவாள்.

தண்டின் அடிமூடியைக் கழற்றினாள். பழைய ஹார்னஸின் மேல்முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, அடியிலிருந்து அதை உருவினாள். ஒயர் வெளியே வந்தது, நூல் தண்டுக்குள் தங்கியது. நசுங்கிய இடத்தைத் தேடினாள். அங்கே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி, பிறகு பிரிக்க வசதியாக, சின்னக் காதுபோல் மடித்துவிடப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவர் ஒருவர்தான். அப்படியானால் அவர் ஏற்கெனவே மீட்டரைத் திறந்திருக்கிறார். நாடி ஒயர்கள் தனியே போவதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, நான்கு திருகையும் முடுக்கிவிட்டு, மறுநாள் ஏறி உட்கார்ந்து சிரித்திருக்கிறார்.

நூலின் அடிமுனையில் புது ஹார்னஸைக் கட்டினாள். மிச்ச ஒயரை வளையமாகத் தரையில் விட்டுவிட்டு, எழுந்து மேலிருந்து இழுத்தாள். கொஞ்சம் வந்தது. சிக்கியது. அவசரப்பட்டால் நூல் அறும்.

இந்த வீட்டின் ஒயரிங் முழுக்க அவர்கள் இருவரும் போட்டதுதான். அவர் எலக்ட்ரீஷியன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குழாய்க்குள் ஒயரை ஊட்டுவார். இந்தப் பக்கம் அவள் இழுப்பாள். கத்தினால் கேட்காது, அதனால் ஒயரே பேசும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இழு. மூன்று என்றால், நீ விட்டுடு, நான் பிடிச்சுக்கிட்டேன்.

நூலைப் பிடித்தபடி நின்றாள். மழைச் சத்தம்.

நூல் அசைந்தது.

ஒன்று. இரண்டு.

கை தானாக இழுத்தது. முப்பது வருஷப் பழக்கம். ஒயர் இப்போது வழுவழுவென்று ஏறியது, முறுக்கில்லாமல், தடையில்லாமல், அடியில் ஒரு கை பதமாக ஊட்டுவதுபோல. குனிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தாள். தரையில் கிடந்த வளையம் மெதுவாகச் சுற்று பிரிந்து, நேராகி, தண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் இழுப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

கனெக்டர் மேலே எட்டிப் பார்த்தது. சூடாக.

மாட்டினாள். இழுத்துப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு நாளும் விட்டதில்லை அந்தச் சோதனையை. இன்று விட்டாள். திருகுகளை முடுக்கினாள். ஒன்று உருண்டு எங்கோ போயிற்று. போகட்டும். பிளக்கைச் செருகினாள்.

வாசல் கதவு திறந்தது.

"வேலை முடிஞ்சுதா?" மகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "பார்றா! சூப்பர்வைசரம்மான்னா சும்மாவா?"

"இன்னிக்கு வேணாம்டா. நாளைக்கு ஏறிக்கலாம்."

"சாயங்காலம் ரெடின்னு நீதானே சொன்னே. அஞ்சே நிமிஷம். பக்கத்துலயே நில்லு, போதும்."

ஏறிக்கொண்டான். மீட்டர் வெளிச்சம் போட்டது. எழுபத்திரண்டு. எழுபத்தாறு. எண்பது. நல்ல எண்கள். அவள் மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஐந்து நிமிஷம் ஆனது. போதும் என்றாள். இன்னும் கொஞ்சம் என்றான். நாடி எண்பத்தொன்று. பத்து நிமிஷம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து.

"இறங்கு, போதும்."

பதினாறு.

எண் மறைந்தது. இரண்டு கோடு.

மகன் குனிந்து பார்த்துச் சிரித்தான். அவன் சிரிப்பு இல்லை அது. "அம்மா. எனக்கு நாடியே இல்லையாம்."

"இறங்குடா."

"ஒயரைச் சரியா மாட்டலியா நீ?"

"மிதிக்காதே! நிறுத்து, இறங்கு!"

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவளைத் தேடின. சின்ன வயதில் தண்ணீரில் கால் எட்டாதபோது தேடிய கண்கள்.

"நான் அப்பவே நிறுத்திட்டேன்மா" என்றான். "அதுவாச் சுத்துது."

பெடல்கள் அவன் கால்களைத் தூக்கித் தூக்கி இறக்கின. மெதுவாக. அவசரமில்லாமல்.

இடுப்பைக் கட்டி இழுத்தாள். அசையவில்லை. கைப்பிடியிலிருந்து அவன் விரல்களைப் பிரித்தாள், ஒவ்வொன்றாக. மணிக்கட்டைப் பற்றினாள். குளிர்ந்திருந்தது. நாடி தேடினாள்.

இல்லை.

இல்லை.

பிறகு தோலுக்கடியில், ஆழத்தில், ஏதோ அசைந்தது. துடிப்பு இல்லை அது. நரம்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு யாரோ மெல்ல இழுப்பது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பெடல் சுற்றியது. பதினேழு நிமிஷம் என்றது மீட்டர்.

மறுபடி. பொறுமையாக. தொழில் தெரிந்த கை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.