உரும்பிராயில் ஒரு நீலப் பை!

"ஐயோ... காணேல்லை!"

அலறல் விறாந்தையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, படலைக்கு வெளியே நின்ற பஸ் வரைக்கும் கேட்டது.

அந்த நேரத்தில் உரும்பிராயில் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்!

வீட்டுத் தலைவர் கனகலிங்கம். நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதிரையில் அவர் சாய்ந்திருந்ததை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

அவர் மனைவி இரத்தினம்மா. அடுப்படியில்.

தம்பி மகள் நிவேதனா. பதினேழு வயது. தாய் தகப்பனுக்கு வவுனியாவில் வேலை. படிப்புக்காகப் பெரியப்பா வீட்டில் இருப்பவள். பெண்கள் றக்பி அணியின் தலைவி.

அணியின் மற்றப் பதினொரு பெண்கள். அவர்களில் புயல் வேகக்காரி, அரியாலைத் தனுஷா.

பயிற்சியாளர் தர்சினி. அலறியது அவள்தான்.

பஸ் சாரதி லியோன்.

கடைசியாக, கலியாணத் தரகர் சுபாஸ்கரன். இவரை ஒருவரும் அழைக்கவில்லை!

"என்ன மிஸ் காணேல்லை?" நிவேதனா ஓடி வந்தாள்.

"நீலப் பை! நேற்றுப் பின்னேரம் இந்த மேசையிலைதான் வைச்சனான். எல்லாற்றை பாஸ்போட்டும் அதுக்குள்ளை!"

நிவேதனா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

மலேசியா! ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். இந்த அணி கடல் கடப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு வருடம் முழங்கால் தோலைச் செம்மண்ணுக்குக் கொடுத்துப் பெற்ற பயணம்...

லியோன் படலையில் நின்று எட்டிப் பார்த்தான்.

"பிள்ளையள், பதினொண்டுக்கு வெளிக்கிடாட்டி கட்டுநாயக்கா எயாப்போட்டிலை நிண்டு பிளேனுக்குக் கை மட்டும்தான் காட்டலாம். சொல்லிப்போட்டன்!"

"லியோன் அண்ணை, கொஞ்சம் சும்மா இருங்கோ!"

அப்போது அறைக் கதவு திறந்தது.

கனகலிங்கம்!

வெள்ளை வேட்டி. வெள்ளை நெஷனல் சட்டை. நெற்றி நிறைய விபூதி.

"என்ன சத்தம்?"

தர்சினி சொன்னாள். திருநெல்வேலியில் அவள் இருக்கிற வாடகை அறை, மாணவர்கள் வந்துபோகிற சந்தை மாதிரி. அங்கே வைக்கப் பயந்துதான் பையை இந்த வீட்டில் வைத்தாள்.

கனகலிங்கத்தின் முகம் சிவந்தது.

"பிள்ளை! உந்த விளையாட்டு எனக்குப் பிடிக்காது. அது வேறை. ஆனா என்ரை கூரைக்குக் கீழை வைச்ச சாமான் இண்டை வரைக்கும் துலைஞ்சதில்லை. என்ரை அப்பு காலத்திலையும் இல்லை!"

"ஓம் ஐயா... எனக்குத் தெரியும்..."

"படலையைச் சாத்துங்கோ! ஒருத்தரும் வெளியிலை போகக்கூடாது!"

லியோன் படலையைச் சாத்தினான். பஸ் வெளியே, சாரதி உள்ளே!

சுபாஸ்கரன் தனுஷாவின் காதோரம் குனிந்தார். மெதுவாகக் கதைப்பதாக அவருக்கு நினைப்பு.

"தங்கச்சி, கள்ளனை வெளியிலை தேடாதையுங்கோ. பெட்டையள் போறது ஆருக்கு விருப்பமில்லையோ, அவரைப் பாருங்கோ."

நிவேதனாவுக்கு அது கேட்டது.

சுருக்கென்று குத்தியது. ஏனென்றால்...

அதில் ஒரு நியாயம் இருந்தது!

போன கிழமை கோயில் வாசலில் ஊரே கேட்கப் பெரியப்பா சொல்லியிருந்தார். 'காற்சட்டை போட்டுக்கொண்டு சேத்திலை உருளுறதுக்குக் கடல் தாண்டிப் போகினமாம். நான் மறிக்கேல்லை. ஆனா அதுக்கெண்டு ஒரு விரலும் அசைக்கமாட்டன்!'

நேற்றும் தர்சினியோடு தர்க்கம்.

'வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கோ வெளிக்கிடுறியள்? இராகு காலமெல்லோ!'

'ஐயா, பிளேனுக்கு இராகு காலம் தெரியாது.'

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெரியப்பாவா? பெரியப்பா களவாக ஒரு வேலை செய்வாரா? அப்படியென்றால் அணியை எந்த முகத்தோடு பார்ப்பது? வீட்டுப் பெயரை எந்தக் கிணற்றில் போடுவது?

"எல்லாரும் உங்கடை உங்கடை பையைத் திறவுங்கோ!" கனகலிங்கத்தின் குரல் நீதிமன்றக் குரலாகியது. "நியாயம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதான். முதல் என்ரை வீட்டுப் பிள்ளை. நிவே, நீ திற!"

நிவேதனா தன் நீலப் பையைத் திறந்தாள். அணியில் தர்சினி உட்பட எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பைதான். யாரோ ஒரு புண்ணியவான் அன்பளிப்பாகக் கொடுத்தது.

உள்ளே ஆணி வைத்த சப்பாத்து ஒரு சோடி.

கனகலிங்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"உது... உன்ரை சப்பாத்துப் பையோ?"

"ஓம் பெரியப்பா."

"உது மேசையிலையெல்லோ கிடந்தது?"

"ராத்திரி அறைக்குள்ளை கொண்டு போனனான். சேறு துடைக்க."

அவர் நெற்றி விபூதியை வியர்வை கரைத்தது.

"நான்... பின்வளவை ஒருக்காப் பாத்துக்கொண்டு வாறன். நீங்கள் மிச்சத்தைச் சோதியுங்கோ."

விறுவிறுவென்று போனார். அந்த வயதுக்கு அது நடையல்ல, ஓட்டம்!

"பாத்தியளோ!" என்றார் சுபாஸ்கரன். "நைசா நழுவிறார்!"

"அண்ணை," தனுஷா அவர் பக்கம் திரும்பினாள். "உங்கடை கையிலை என்ன?"

சுபாஸ்கரன் கையில் ஒரு துணிப்பை. காலையிலிருந்து அதை அவர் கீழே வைக்கவே இல்லை!

"இதோ? இது... சும்மா."

"சும்மாவை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

"தங்கச்சி, மரியாதையாக் கதையும்! நான் எத்தினை குடும்பத்தைச் சேத்து வைச்சவன் தெரியுமோ?"

"எத்தினையைப் பிரிச்சு வைச்சனீங்கள் எண்டும் தெரியும். திறவுங்கோ!"

"மாட்டன்!"

பன்னிரண்டு பெண்கள் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். ஒரே அடி!

சுபாஸ்கரன் திறந்தார்.

கடவுச்சீட்டு இல்லை.

வாசம் வந்தது!

"கருவாடு!" லியோன் கைகொட்டிச் சிரித்தான். "பாரைக் கருவாடு! வெள்ளிக்கிழமை, சைவ வீட்டு விறாந்தையிலை!"

"ஐயோ, மெதுவா! ஐயாவின்ரை காதிலை விழுந்தா என்னைக் கொன்றுபோடுவார்! மலேசியாவிலை மூத்தவன் இருக்கிறான்... பிள்ளையளட்டைக் குடுத்துவிடுவம் எண்டு..."

அடுப்படியிலிருந்து இரத்தினம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"சுபாஸ்கரன்! நீர் மச்ச மாமிசம் கையாலையும் தொடுறேல்லை எண்டெல்லோ ஊரெல்லாம் சொல்லித் திரியிறீர்?"

"கையாலை தொடேல்லை அக்கா. பையுக்குள்ளைதான் இருக்கு!"

நிவேதனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொன்றுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். லியோன் ஒலிப்பானை அடிக்கிற மாதிரி விரலால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது...

கள்ளனைத் தேடிப் பின்பக்கம் ஓடிப்போன தனுஷாவின் குரல் வீட்டைப் பிளந்தது.

"கள்ளன்! கள்ளன்! வேலி பாயிறான்! நீலப் பை வைச்சிருக்கிறான்!"

மற்றப் பதினொரு பெண்களும் பாய்ந்தார்கள்!

பின்வளவு. வாழைத்தோட்டம். காலையில் தண்ணீர் இறைத்த பாத்திகள் செங்குழம்பாகக் கிடந்தன. வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்கால் ஒரு உருவம் புகுந்து ஓடியது. தலையை மூடிய துவாய். மடித்துக் கட்டிய சாரம். கக்கத்தில் நீலப் பை!

"தனுஷா, இடப்பக்கம் மறி! அவன் எனக்கு!"

நிவேதனா ஓடினாள். கண்ணில் அந்தப் பை மட்டும்தான். அதற்குள் மலேசியா இருந்தது!

உருவம் வலப்பக்கம் வெட்டியது. நல்ல வெட்டுத்தான். ஆனால் அவள் அதைவிடக் கெட்டிக்காரிகளைப் பிடித்தவள்.

பாய்ந்தாள்! தோளை இடுப்பில் கொடுத்தாள். இரண்டு கையாலும் காலை வளைத்தாள்.

தொப்!

செங்குழம்பு ஆளுயரத்துக்கு எழும்பியது. துவாய் பறந்தது.

பன்னிரண்டு பெண்களும் அப்படியே உறைந்து போனார்கள்.

கள்ளன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

பெரியப்பா!

"ஐயா... நீங்களோ?" தர்சினி சேற்றில் கிடந்த பையைத் திறந்தாள். மருந்துக் குப்பிகள். பண்டேஜ். அதற்குக் கீழே... கடவுச்சீட்டுகள். எல்லாமே!

"நான் அப்பவே சொன்னனான்!" சுபாஸ்கரன் கருவாட்டுப் பையை உயர்த்திக் கொண்டு ஓடி வந்தார். "தானே ஒளிச்சு வைச்சுப்போட்டுத் தானே விசாரணையும் நடத்திறார்! வேட்டியையும் மாத்திப்போட்டார் பாருங்கோ, ஆள் தெரியாமல் இருக்க!"

கனகலிங்கம் எழுந்து நின்றார். தலை முதல் கால் வரை சேறு. முதுகு மட்டும் நேர்!

"பெரியப்பா..." நிவேதனா சேற்றில் இருந்தபடியே கேட்டாள். "நாங்கள் போறது அவ்வளவு வெறுப்போ?"

அவர் முகத்துச் சேற்றை வழித்தார். ஏதோ ஒன்றைச் சொல்வதைவிடக் கள்ளனாகவே நின்றுவிடலாம் என்பதுபோல நின்றார்.

வேலிப் பொட்டுக்கால் இன்னொரு தலை வந்தது. அடுத்த வளவு லூர்த்தம்மா!

"ஐயா! உதென்ன கோலம்? விழுந்துபோனியளோ? நான் மறிக்க மறிக்கப் பையை இழுத்துக்கொண்டு ஓடினியள்!"

"லூர்த்தம்மா, நீர் உள்ளை போம்!"

"என்னெண்டு போறது? விடியக் காலமை நல்ல நேரம் பாத்துக் கொண்டு வந்து தந்தனீங்கள். பஸ் வெளிக்கிடும் வரைக்கும் திருப்பி வீட்டுக்குள்ளை போகக்கூடாது எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்! நானும் மாதா படத்துக்குக் கீழை வைச்சுக் காவல் இருந்தனான்."

நிவேதனா பெரியப்பாவைப் பார்த்தாள்.

புரிந்தது!

புறப்படுகிற நேரம் கூடாத நேரமானால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணக்காரரின் சாமான் ஒன்றை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். அந்தக் கணமே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு இராகு வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் தகப்பன் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனபோதும் அந்த வீட்டில் இதுதான் நடந்தது.

"பெரியப்பா... என்ரை சப்பாத்தையோ அனுப்பப் பாத்தனீங்கள்?"

கனகலிங்கம் வாழைமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சப்பாத்துப் பை எண்டுதான் எடுத்தனான். மேசையிலை கிடந்தது. பாரமும் சரியா இருந்தது. எல்லாப் பையும் ஒரே நீலமா இருந்தா மனுசன் என்ன செய்யிறது?"

"நீ உன்ரையைத் திறந்து காட்டினாப் பிறகுதான் விளங்கினது," என்றார் பிறகு. "மெல்லக் கொண்டு வந்து மேசைக்குக் கீழை போடுவம் எண்டால்..."

"ஒரு விரலும் அசைக்கமாட்டன் எண்டு கோயிலடியிலை சொன்னனீங்கள்!" தர்சினி அழுதுகொண்டே சிரித்தாள்.

"விரலை அசைக்கேல்லை, பிள்ளை. பையைத்தான் அசைச்சனான்!"

இரத்தினம்மா கரண்டியால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, எனக்காவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"உமக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி."

நிவேதனா குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"திருப்பியும் விழுத்தப் போறியோ?"

"இல்லைப் பெரியப்பா. கும்பிட்டுட்டுப் போகத்தான். நோகுதோ?"

"நோகுது. நல்லா நோகுது." அவர் இடுப்பைத் தடவினார். முதல் தடவையாக மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "உதே மாதிரி அங்கையும் பிடி. ஒருத்தியும் எழும்பமாட்டாள்!"

"பிள்ளையள்! பதினொண்டாச்சு!" லியோன் கத்தினான்.

பஸ் புறப்பட்டது. பன்னிரண்டு பெண்கள், ஒரு பயிற்சியாளர், பதின்மூன்று கடவுச்சீட்டுகள்... ஒரு பொதி கருவாடு. அதை எடுத்துப் போகச் சொன்னது கனகலிங்கம்தான். சொல்லும்போது மூக்கை மட்டும் மூடிக்கொண்டார்.

பின்குறிப்பாக ஒன்று.

கோப்பாயிலிருந்து திருநெல்வேலிச் சந்தை வரைக்கும் ஒரு கதை உலாவுகிறது. கனகலிங்கம் வாழைப்பாத்தியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்று.

சுத்தப் பொய்!

இடுப்பு உடையவில்லை. அவர் சறுக்கவும் இல்லை. அணித்தலைவி, தோளுக்குக் கீழே, விளையாட்டு விதிப்படி, பிடித்து விழுத்தினாள்.

அந்தக் குடும்பத்தில் யாரையும் வெளியாள் விழுத்தியதாகச் சரித்திரமே கிடையாது!